உள்ளிருந்து திறக்காத ஹைலக்ஸ் கதவு: கேபிளை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: எங்களிடம் 2008ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கிறது. வயலுக்கும் கிரவல் வீதிக்கும்தான் அதன் ஓட்டம். இரண்டு மாதமாகச் சாரதிப் பக்கக் கதவை உள்ளிருந்து திறக்க முடியவில்லை. கைப்பிடி தொளதொளவென்று கையோடு வந்துவிடுகிறது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்கிறேன். கராஜில் லொக் முழுவதையும் மாற்றவேண்டும் என்கிறார்கள். தெரிந்த ஒருவர் சைக்கிள் பிரேக் கேபிள் போட்டுச் சரிசெய்யலாம் என்கிறார். கேபிளை மட்டும் வாங்கி நானே மாற்றலாமா? – ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: மாற்றலாம். லொக் முழுவதையும் மாற்றத் தேவையில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. வெளிக் கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கிறது. மூடினால் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் லொக்குக்குள் இருக்கும் நாக்கும் அதைத் தடுத்து நிறுத்தும் பல்லும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. உள் கைப்பிடியின் இழுவை மட்டும் லொக்கைப் போய்ச் சேரவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இந்த நிலையில் இரண்டு மாதம் ஓட்டியது சரியல்ல. வண்டி வாய்க்காலுக்குள் இறங்கினாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ, மின்சாரம் துண்டிக்கப்பட்டாலோ பவர் கண்ணாடி இறங்காது. அப்போது கையை வெளியே விட வழியில்லை. பழுது பார்க்கும்வரை, இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று ஒவ்வொரு முறை புறப்படும்போதும் பாருங்கள். அந்த ஆசனத்தில் உர மூட்டையோ பெட்டியோ அடுக்காதீர்கள்; நீங்கள் விரைவாக வெளியேறும் வழி அதுதான்.

இனிப் பழுது எங்கே என்று பார்ப்போம். உங்கள் மொடலில், உள் கைப்பிடிக்குப் பின்னால் இரண்டு கேபிள்கள் பக்கம் பக்கமாக ஓடும். ஒன்று கதவைத் திறப்பதற்கு, மற்றது பூட்டும் குமிழுக்கு. இரண்டும் மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளைப் போன்றவைதான்: உள்ளே முறுக்குக் கம்பி, வெளியே உறை, முனையில் ஒரு உலோகக் குமிழ். கைப்பிடி தொளதொளவென்று வந்தால் உள்கம்பி அறுந்திருக்கலாம், அல்லது குமிழ் கழன்றிருக்கலாம். ஆனால் கேபிளுக்கு எந்தக் குறையும் இல்லாமல் கைப்பிடியின் பிளாஸ்ரிக் காது உடைந்திருக்கவும் கூடும். இன்னொன்றும் உண்டு. உறையின் முனையைத் தாங்கிக்குள் பிடித்துவைக்கும் பிளாஸ்ரிக் மாட்டி வெடித்துவிட்டால், கைப்பிடியை இழுக்கும்போது உள்கம்பியோடு உறையும் சேர்ந்தே நகரும்; மறுமுனையில் எதுவும் அசையாது. ஆகவே, கதவின் உள் பலகையைக் கழற்றிப் பார்க்காமல் கேபிள் வாங்கப் போகாதீர்கள். கைப்பிடி உடைந்திருந்தால் கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். அது அரை மணி நேர வேலை.

கைப்பிடி தளராமல், அசைக்கவே முடியாதபடி இறுகியிருந்தால் கதை வேறு. அது உறைக்குள் துருப்பிடித்த கேபிள், அல்லது காய்ந்துபோன லொக். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கவில்லை என்றால் குற்றம் லொக்கில். உங்களுடையது இவை இரண்டும் இல்லை.

சைக்கிள் பிரேக் கேபிள் வேண்டாம். கம்பியின் பலம் அதற்குக் காரணமல்ல. அது போதிய பலமுள்ளதுதான். நீளத்திலும் முனையிலும்தான் ஆபத்து இருக்கிறது. கதவுக் கேபிளில் உறைக்கும் உள்கம்பிக்கும் இடையிலான நீள வித்தியாசம் தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டது. உள்கம்பி சில மில்லிமீற்றர் நீண்டால் கைப்பிடி முழுதாக வந்த பிறகும் லொக் விடாது. சில மில்லிமீற்றர் குறைந்தால் இன்னும் மோசம்: லொக்கின் நெம்பு எப்போதும் பாதி இழுபட்டபடியே நிற்கும், கிரவல் வீதியின் குலுக்கலில் கதவு தானாகத் திறந்துகொள்ளும். சைக்கிள் கம்பியின் வெட்டிய முனையைத் திருகாணியால் நெரித்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். அந்தத் திருகாணி அதிர்வில் தளரும். தளர்ந்தால் கதவுக்குள் யார் போய்ப் பார்ப்பது?

கேபிள் வாங்கும்போது செசி இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். "டிரைவர் கதவு" என்று சொல்லாமல் "வலது முன்கதவு, திறக்கும் கேபிள்" என்று சொல்லுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளிலிருந்து வந்த பாகங்களும் கடைகளில் கலந்திருக்கும். அங்கே டிரைவர் கதவு என்றால் இடது கதவு. பழைய கேபிளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்து உறையின் நீளம், இரு முனைகளிலும் வெளியே நீட்டிநிற்கும் கம்பியின் நீளம், குமிழின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுவது இன்னும் நல்லது. இந்தத் தலைமுறை ஹைலக்ஸ் 2004இல் தாய்லாந்தில் தொடங்கி 2015வரை தயாரிக்கப்பட்டது. எனவே பாகங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கதவிலிருந்து கழற்றிய கேபிளும் கிடைக்கும். ஆனால் உங்கள் கேபிளைப் போலவே அதுவும் வயதானதுதான். பழையது வாங்குவதென்றால் லொக்கையோ கைப்பிடியையோ வாங்குங்கள். கேபிளைப் புதிதாகவே வாங்குங்கள். திறக்கும் கேபிள் அறுந்திருந்தால் பூட்டும் கேபிளையும் சேர்த்து மாற்றிவிடுவதே என் ஆலோசனை. அதே கதவைப் பிறகு ஒருமுறை பிரிப்பதைவிட அது இலாபம்.

தேவையான கருவிகள் அதிகமில்லை: பிளஸ் திருப்புளி, சிறிய தட்டைத் திருப்புளி, 10 மி.மீ. சொக்கற், மூக்குக் குறடு, டொர்க்ஸ் டி30 என்ற நட்சத்திர முனை, பிளாஸ்ரிக் நெம்பி ஒன்று, டேப், ரோர்ச். டி30ஐ மட்டும் மலிவாக வாங்காதீர்கள். லொக்கைப் பிடிக்கும் திருகாணிகள் பல வருடமாக இறுகியிருப்பவை. தரமற்ற முனை அவற்றின் தலையை வழித்துவிடும். பிறகு துளைபோட்டுத்தான் எடுக்கவேண்டி வரும். முதல் தடவை என்றால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் கிளிப்தான் உடையும்.

கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றி, மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டிச் சட்டத்தோடு பிடித்துவையுங்கள். பிறகு பற்றரியின் எதிர்முனையை (மைனஸ்) கழற்றுங்கள். பக்கவாட்டு எயார்பேக் உள்ள வண்டியானால் கழற்றிய பின் 90 விநாடியாவது பொறுத்து வேலையைத் தொடங்க வேண்டும். கதவை நன்றாகத் திறந்து நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த நிமிடத்திலிருந்து எல்லாப் பரிசோதனையும் முடியும்வரை அந்தக் கதவை மூடக்கூடாது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

உள் பலகையின் திருகாணிகள் கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியின் கிண்ணத்துக்குள் சிறு மூடிக்குப் பின்னால் ஒன்று, கதவை இழுத்து மூடப் பிடிக்கும் பள்ளத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கண்ணாடிச் சுவிட்சுப் பலகையை நெம்பித் தூக்கி, வயர் மாட்டியை அழுத்திக் கழற்றுங்கள். கையால் சுற்றும் கண்ணாடியானால், சுற்றுக் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பி இருக்கும். பழைய துணியொன்றை இடையில் விட்டு இரு பக்கமும் மாறிமாறி இழுத்தால் அது தெறித்து வெளியே வரும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருகாணிகள் எல்லாம் வந்த பிறகு, கீழ் மூலையிலிருந்து நெம்பியால் கிளிப்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். நெம்பியைக் கிளிப்புக்கு மிக அருகில் வையுங்கள். தள்ளிவைத்து நெம்பினால் பலகை பிளக்கும். எல்லாம் விட்டதும் பலகையை உங்கள் பக்கம் இழுக்காமல் மேலே தூக்குங்கள். அது கண்ணாடியோரப் பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பலகை வந்ததும் கைப்பிடியின் பின்புறம் தெரியும். உங்கள் பழுதின் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். கேபிளின் உறை மாட்டியைத் தாங்கியிலிருந்து விடுவித்து, குமிழைத் திருப்பிப் பள்ளத்திலிருந்து எடுங்கள். கம்பியை மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் முழுவதும் கையோடு வந்தால் நடுவிலோ மறுமுனையிலோ அறுந்திருக்கிறது. சிறிது தூரம் இழுபட்டு, ஸ்பிரிங்போல் திரும்பி ஓடினால் கேபிள் நன்றாக இருக்கிறது. கைப்பிடியையும் உறை மாட்டியையும் பாருங்கள்.

அடுத்தது, கதவின் இரும்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாள். பலரும் இதைக் கத்தியால் கிழித்துவிடுகிறார்கள், திரும்ப ஒட்டுவதும் இல்லை. கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள்தான் இறங்குகிறது. அதை உட்பக்கம் வரவிடாமல் கீழே வழியவிடுவது இந்தத் தாள். அது கிழிந்தால் உங்கள் காலடிக் கம்பளம் நனையும், பலகையின் அட்டை ஊதும், சுவிட்சில் பாசி பிடிக்கும். கறுப்புப் பசையை விரலால் மெல்ல உருட்டிப் பிரித்து, லொக் இருக்கும் பின்பக்கத்தை மட்டும் திறந்தால் போதும். பசை இறுகியிருந்தால் தலைமயிர் உலர்த்தியால் சூடுகாட்டுங்கள். பசைமேல் புழுதி படாமல் பார்த்துக்கொண்டால் அதே பசை திரும்பவும் ஒட்டும்.

பெரும்பாலும் லொக்கைக் கழற்றிக் கீழே இறக்கினால்தான் கேபிளின் மறுமுனை கைக்கு எட்டும். கண்ணாடியின் பின் ஓடுபாதை வழியை மறித்தால், அதன் கீழ்முனை போல்ட்டைக் கழற்றி ஒதுக்குங்கள். வெளிக் கைப்பிடியிலிருந்து வரும் கம்பி ஒரு பிளாஸ்ரிக் கிளிப்பில் மாட்டியிருக்கும். கிளிப்பை முதலில் சுழற்றிவிட்டுத்தான் கம்பியை எடுக்கவேண்டும். நேராக இழுத்தால் கிளிப் உடையும், பிறகு வெளிக் கைப்பிடியும் வேலை செய்யாது. அந்தக் கம்பியில் மரையும் சுழற்றும் முனையும் இருந்தால், அது நிற்கும் இடத்தில் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டுவையுங்கள். லொக்கின் மின்மோட்டார் வயரைக் கழற்றுங்கள். கடைசியாகக் கதவின் விளிம்பில் இருக்கும் மூன்று டி30 திருகாணிகள். முனையைத் தலையில் நன்றாகப் பதித்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் திருகுங்கள்.

பழைய கேபிளை எறிவதற்கு முன் அறுந்த இடத்தைக் கவனியுங்கள். வேலையில் மிக முக்கியமான நேரம் என்று நான் நினைப்பது இதைத்தான். கைப்பிடியின் பக்கம், குமிழுக்கு அருகில் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தும்பாகியிருந்தால், அது பல வருட வளைவில் தேய்ந்தது, இயல்பான சாவு. குமிழ் மட்டும் சுத்தமாகக் கழன்றிருந்தால் யாரோ பலமாக இழுத்திருக்கிறார்கள். இழுக்கவேண்டி வந்தது லொக் இறுகியதால்தான். கம்பி செந்நிறமாகத் துருப்பிடித்து, உறை ஒரு இடத்தில் வீங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. உறை தண்ணீரைத் தடுக்கும் என்று நம்புகிறோம். விரிசல் ஒன்று விழுந்துவிட்டால் அதே உறை தண்ணீரைக் காயவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். 2004இல் ஜெனரல் மோட்டர்ஸ் வட அமெரிக்காவில் சுமார் 40 இலட்சம் பிக்கப்களைத் திருப்பி அழைத்தது இப்படி ஒரு துருவால்தான். அவற்றின் பின்தட்டைத் தாங்கும் இரும்புக் கேபிள்கள் பிளாஸ்ரிக் உறைக்குள் வெளியே தெரியாமல் அரித்துப்போயிருந்தன. கேபிள் நடுவில் மடிந்து முறிந்திருந்தால் முன்பு யாரோ பாதை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கேபிளைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

லொக் கையில் இருக்கும்போதே சுத்தம் செய்யுங்கள். வன்னியின் செம்புழுதி பழைய கிறீஸோடு சேர்ந்து அரைத்த சாந்துபோல் ஆகிவிடும். மோட்டார் இருக்கும் பக்கத்தைத் துணியால் மூடி, நாக்கும் நெம்புகளும் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே அடித்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, காற்றடித்துக் காயவிடுங்கள். அந்த ஸ்பிரேயோடு வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுக்கைக் கரைக்கும், ஈரத்தை விரட்டும். நெடுநாள் மசகாக நிற்காது. காய்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிறீஸை நாக்கின் சுழலிடத்திலும் நெம்புகள் உரசும் இடங்களிலும் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். கழித்த என்ஜின் ஒயில் ஊற்றவேண்டாம், அது புழுதியை அழைக்கும். புதுக் கேபிளுக்குள் எதுவும் விடத் தேவையில்லை. இவ்வகைக் கேபிள்களின் உறைக்குள் வழுவழுப்பான பிளாஸ்ரிக் குழாய் இருக்கிறது.

நாக்கையோ பல்லையோ அரத்தால் ராவி "இலகுவாக்க" யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். ஐக்கிய நாடுகளின் 11ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியின்படி, முழுதாகப் பூட்டிய லொக் நீளவாக்கில் 11,000 நியூட்டன் விசையையும் குறுக்குவாக்கில் 9,000 நியூட்டன் விசையையும் தாங்கவேண்டும். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் தொங்குவதற்குச் சமம் அந்த 11,000. முதல் சொடுக்கில் மட்டும் நிற்கும் அரைப்பூட்டுக்கு வெறும் 4,500தான். ராவிய லொக் முழுப்பூட்டுக்குப் போனதா, அரைப்பூட்டில் நிற்கிறதா என்று காதுக்குக்கூடத் தெரியாது.

புதுக் கேபிளை லொக்கில் முதலில் மாட்டுங்கள்: குமிழ் பள்ளத்தில் முழுதாக உட்காரவேண்டும், உறை மாட்டி சொடுக்கென்ற சத்தத்தோடு தாங்கிக்குள் போகவேண்டும். சத்தம் வராவிட்டால் விரலால் அசைத்துப் பாருங்கள். பிறகு லொக்கைக் கதவுக்குள் ஏற்றி, கேபிளைப் பழைய பாதையிலேயே, பழைய கிளிப்களிலேயே விடுங்கள். கண்ணாடியும் அதை ஏற்றியிறக்கும் கைகளும் ஓடும் வழிக்குள் அது தொங்கக்கூடாது. எங்கேயும் மடிப்பு விழக்கூடாது. பெரிய வளைவாகப் போகட்டும். மடிந்த கேபிளும் தண்ணீர் புகும் லொக்கும் சிறிய விடயமல்ல. ஃபோர்ட் 2017 ஒக்டோபரில் வட அமெரிக்காவில் சுமார் 13 இலட்சம் பிக்கப்களைத் திருப்பி அழைத்தது இவற்றுக்காகத்தான். குளிரில் லொக் உறைந்தாலோ கேபிள் வளைந்தோ மடிந்தோ போனாலோ அவற்றின் கதவு திறக்காமலோ சரியாகப் பூட்டாமலோ போகக்கூடும் என்பதால், கேபிளைச் சோதித்து, லொக்குக்கு மேல் நீர்த்தடுப்பு மறைப்புப் பூட்டிக் கொடுத்தார்கள். உங்கள் லொக்கைச் சுற்றியும் ஸ்பொஞ்சோ பிளாஸ்ரிக் மறைப்போ இருந்தால், அதைத் தொலைக்காமல் அதே இடத்தில் திரும்பப் பூட்டுங்கள்.

லொக்கின் மூன்று திருகாணிகளின் மரையிலும், அதிர்வில் தளராமல் பிடிக்கும் நீலநிற மரைப்பசை ஒரு துளி விட்டு, மூன்றையும் கையால் தொடக்கிவிட்டு, பிறகு இறுக்குங்கள். 5 நியூட்டன் மீற்றர் போதும். மணிக்கட்டால் இறுக்கும் அளவு அது. கேபிள் இரும்பில் தட்டும் இடங்களில் ஸ்பொஞ்ச் சுற்றினால் கிரவல் வீதியில் படபடக்காது.

கேபிளின் மறுமுனையை உள் கைப்பிடியில் மாட்டி, கழற்றிய வெளிக் கைப்பிடிக் கம்பியையும் மோட்டார் வயரையும் திரும்ப மாட்டுங்கள். இப்போது கதவு திறந்தபடியே இருக்கட்டும். திருப்புளியின் தண்டை, கதவுத் தூணில் இருக்கும் வளையக் கம்பி என்று எண்ணிக்கொண்டு, லொக்கின் நாக்குக்குள் அழுத்துங்கள். ஒரு சொடுக்கு, பிறகு இன்னொரு சொடுக்கு. இரண்டும் கேட்கவேண்டும். உள் கைப்பிடியை இழுங்கள். நாக்கு சட்டென்று விடவேண்டும். மீண்டும் அழுத்தி, வெளிக் கைப்பிடியால் விடுவியுங்கள். மீண்டும் அழுத்தி, பூட்டும் குமிழை அமுக்கிவிட்டு வெளிக் கைப்பிடியை இழுங்கள், விடக்கூடாது. பற்றரியை மாட்டி, சாவியாலும் ரிமோற்றாலும் இதையே செய்யுங்கள். பத்துத் தடவை பிசகாமல் விட்ட பிறகுதான் கதவை மூடலாம். இதைச் செய்யாமல் மூடிய கதவு திறக்காவிட்டால், மூடிய கதவின் உள்பலகையை ஆசனத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் குனிந்திருந்து கழற்றவேண்டும். பலகை முழுதாக வராது, உடைத்துத்தான் எடுப்பார்கள். சோதனைக்குப் பிறகு நாக்கு திறந்த நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டிய நாக்கோடு கதவை அடித்தால் தூணின் கம்பியில் மோதி வளையும்.

உள் கைப்பிடியில் சிறிது விளையாட்டு இருப்பது நல்லது. கைப்பிடி முழுதாகத் திரும்பிய நிலையில் கேபிள் இறுக்கமாக நிற்கிறது என்றால் நீளம் தவறு, வேறு கேபிள் தந்திருக்கிறார்கள்.

பலகையைப் பூட்டுவதற்கு முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, கதவின் அடிவிளிம்பில் இருக்கும் வடிதுளைகள். வயற்சேறு அவற்றை அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்தித் திறந்து, மேலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் விட்டு வடிகிறதா என்று பாருங்கள். மற்றது, கதவின் தொங்கல். கதவைப் பாதி திறந்து, பின்முனையைக் கையால் மேலே தூக்குங்கள். கீல் பக்கம் ஆட்டம் தெரிந்தால், மூடும்போது நாக்கு தூணின் கம்பிமேல் ஏறி உட்காருகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட லொக்கைத் திறக்க ஒவ்வொரு தடவையும் கூடுதல் பலம் வேண்டும். அந்தப் பலத்தைத் தாங்குவது இந்த மெல்லிய கேபிள். கீலின் ஊசி தேய்ந்திருந்தால் அதை மாற்றவேண்டும். ஆட்டம் இல்லை, ஆனால் கதவு தூக்கித்தான் மூடுகிறது என்றால், தூணின் வளையக் கம்பியைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, அதன் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தி ஒரு மில்லிமீற்றர் நகர்த்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

மற்ற மூன்று கதவுகளின் கேபிள்களையும் இப்போதே மாற்றத் தேவையில்லை. அவற்றின் கைப்பிடிகளை இழுத்துப் பார்த்து, சாரதிக் கதவில் புதிதாகப் போட்டதைவிட இறுக்கமாக இருந்தால் அந்த லொக்குகளுக்கு, மாரி தொடங்குமுன், கதவின் விளிம்பில் தெரியும் நாக்கின் வழியாகக் கிறீஸ் விடுங்கள். பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லை என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் கதவின் விளிம்பில் லொக்குக்கு அருகில் இருக்கும் சிறுவர் பாதுகாப்பு நெம்பை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.